பழைய எலக்ட்ரிக் கிட்டார்ல துருப்பிடிச்ச சாமானெல்லாம் கழட்டி, கழுவி, திரும்பப் பூட்டுறது எப்படி

இலங்கை மலைநாட்டுல ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் செகண்ட் ஹேண்ட் கிட்டார் வாங்குனவங்களுக்கு நான் சொல்லவே தேவையில்ல, மரம் நல்லா இருக்கும், நெக்கு நேரா இருக்கும், பெயின்ட்ல ரெண்டு கீறல் தவிர குறை சொல்ல முடியாது, ஆனா இரும்புச் சாமான் மட்டும் தோட்டத்து லயத்துக் கூரையில அடிச்ச ஆணி மாதிரி செவசெவன்னு இருக்கும். மே மாசம் பிடிக்கிற மழை செப்டம்பர் வரைக்கும் விடாது, மழை விட்டா பனிமூட்டம், காயப்போட்ட சட்டையே மூணு நாளைக்கு ஈரமா கிடக்குற ஊர்ல கிட்டார் ஸ்க்ரூ மட்டும் என்ன பண்ணும் பாவம்.

நான் வாங்குனது கல்யாண வீட்டு பேண்ட்ல வாசிச்ச ஒரு அண்ணன்கிட்ட இருந்து. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல பார்த்து செஞ்ச காப்பி. கையில குடுக்கும்போதே சொன்னாரு, "தம்பி, சத்தம் வரும், ஆனா எதையும் திருப்பிறாத, திருப்புனா கையோட வந்துரும்"னு. வீட்டுக்கு வந்து பார்த்தா மனுசன் பொய் சொல்லல. சேடில், அதாவது பாடியில ஒவ்வொரு கம்பியும் உக்கார்ற துண்டு, அதோட ஸ்க்ரூ ஒண்ணு கூட அசையல, கம்பி முறுக்குற ட்யூனர சுத்துனா உள்ள மணல் இருக்குற மாதிரி நறநறன்னுச்சு, வால்யூம் நொப் திருப்புனா அம்ப்ல சட்டியில எண்ணெய் பொரியிற சத்தம், வயர் சொருகுற ஜாக்ல வயர ஒரு கோணத்துல பிடிச்சுக்கிட்டு நின்னாத்தான் பாட்டு.

அதுல நான் பண்ணுன முட்டாள்தனத்த முதல்லயே சொல்லிர்றேன். துருவுக்கு வினாகிரி நல்லதுன்னு யாரோ சொல்ல, சேடில் எல்லாம் நிக்கிற பிரிட்ஜ முழுசா கழட்டி சேடிலோட சேத்து ஒரு ஐஸ்கிரீம் டப்பாவுல ஊறப்போட்டு தூங்கிட்டேன். காலையில பார்த்தா ஸ்க்ரூவெல்லாம் அருமையா வெளுத்திருக்கு, ஆனா சேடில் ஆறும் சாம்பல் நிறமாகி, மேல இருந்த குரோம் செதில் செதிலா உரிஞ்சு டப்பாவுல மிதக்குது. அந்த சேடில் இரும்பே இல்ல, நாகம், அதாவது துத்தநாகம், கலந்து வார்த்தது. நாகத்துக்கு புளிப்பு ஆகவே ஆகாது, வினாகிரியில போட்டா நுரைச்சு கரையும். அன்னைக்கு பிடிச்ச பழக்கம்தான் இது, எது என்ன உலோகம்னு தெரியாம எதுலயும் எந்த மருந்தையும் போடுறதில்ல. கீழ எழுதியிருக்குற மொத்த வேலையும் அந்த ஒண்ண சுத்தித்தான் போகுது.

முதல்ல கழட்டாதீங்க, பாருங்க

ஸ்க்ரூடிரைவர எடுக்குறதுக்கு முன்னாடி கிட்டார அம்ப்ல போட்டு அஞ்சு நிமிஷம் வாசிங்க. எந்த நொப் கரகரன்னுது, சுவிட்ச்ல எந்த இடத்துல சத்தம் விடுது, கம்பிய தொட்டா ஹம்னு வர்ற இரைச்சல் குறையுதா கூடுதா, எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க. கம்பிய தொட்டதும் ஹம் குறைஞ்சா எர்த் வயர் ஒழுங்கா இருக்குன்னு அர்த்தம். அப்புறம் நெக்குல குறுக்கா பதிச்சிருக்குற ஃபிரெட்டுல 12வதுல கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையில எத்தனை மில்லிமீட்டர்னு ஸ்கேல் வச்சு பாருங்க, சேடில் ஒவ்வொண்ணும் எங்க நிக்குதுன்னு போன்ல கிட்ட வச்சு படம் எடுங்க. பின்னாடி மூடிய கழட்டுனா ஸ்பிரிங் எந்த கொக்கியில மாட்டியிருக்கு, வயர் எங்க ஈயம் வச்சிருக்குன்னும் ஒரு படம். திரும்பப் பூட்டுற அன்னைக்கு அந்த படம் இல்லாம நான் ஒரு முழு ஞாயித்துக்கெழமைய வீணாக்கியிருக்கேன்.

தேவைப்படுற சாமான் பெருசா ஒண்ணும் இல்ல. நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் ரெண்டு சைஸ், ஒண்ணாம் நம்பரும் ரெண்டாம் நம்பரும். சேடில் உயரத்துக்கு சின்ன ஆலன் கீ, ஆசிய கிட்டார்னா பெரும்பாலும் 1.5 மி.மீ., அமெரிக்க ஃபெண்டர்னா அங்குல கணக்குல 0.050, அதாவது 1.27 மி.மீ. ரெண்டும் பார்வைக்கு ஒண்ணு போலத்தான் இருக்கும், சின்னத பெருசுக்குள்ள போட்டு திருப்புனா மூலையெல்லாம் உருண்டு போயி ஸ்க்ரூ செத்துச்சு. ட்யூனர் நட்டுக்கு 10 மி.மீ. ஸ்பேனர், பழைய பல்லு பிரஷ், தையல் மெஷின் எண்ணெய், வெள்ளை வினாகிரி, அப்பச்சோடா, அலுமினியம் ஃபாயில், மாஸ்கிங் டேப், அப்புறம் ஒரு காந்தம். பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டுன காந்தம் போதும், ஆனா அத கம்பியோட அதிர்வ பிடிக்கிற பிக்கப் பக்கம் கொண்டு போகாதீங்க, பிக்கப்புக்குள்ள இருக்குற காந்தத்தோட பலத்த கெடுத்துரும்.

கழட்டுறது

கம்பிய இறுக்கமா இருக்கும்போது கட்டர் வச்சு வெட்டாதீங்க. பத்தாம் நம்பர் செட் ஆறு கம்பியும் சேர்ந்து நாப்பது கிலோவுக்கு மேல இழுத்துக்கிட்டு நிக்குது, வெட்டுனா முகத்துக்குத்தான் வரும். ட்யூனர சுத்தி நல்லா தளர்த்திட்டு அப்புறம் கழட்டுங்க. டிரெமலோ பிரிட்ஜ்னா, அதாவது கைப்பிடியால ஆட்டுற மாடல்னா, கம்பி தளரத் தளர பின்னாடி ஸ்பிரிங் அத உள்ள இழுக்கும், பயப்பட வேணாம். ஸ்பிரிங்க கழட்டும்போது மட்டும் கையில துணி சுத்திக்கிட்டு நீளமூக்கு பிளையர்ல பிடிங்க.

ஸ்க்ரூவ ஒரு கிண்ணத்துல கொட்டி வைக்காதீங்க. ஒரு கார்ட்போர்ட் அட்டையில கிட்டார் படத்த குத்துமதிப்பா வரைஞ்சு, எந்த இடத்துல கழட்டுனீங்களோ படத்துல அதே இடத்துல குத்தி வைங்க. முன்பக்க பிளாஸ்டிக் தகடான பிக்கார்டோட ஸ்க்ரூவும் பிக்கப் ஸ்க்ரூவும் தலை ஒரே மாதிரி இருக்கும், நீளம் வேற, மரை வேற. மாத்திப் போட்டா ஓட்டை போச்சு.

இறுகிப்போன ஸ்க்ரூவ கழட்டுறதுல பலம் ரெண்டாவதுதான், முதல்ல வேணும் பொறுமை. டிரைவர் தலைக்குள்ள முழுசா உக்காரணும், அதுக்கு முதல்ல குண்டூசியால தலைக்குள்ள இருக்குற அழுக்கையும் துருவையும் நோண்டி எடுங்க. அப்புறம் டிரைவர நேரா அமுக்கி, கழட்டுற பக்கம் இல்ல, இறுக்குற பக்கம் ஒரு மயிரிழை திருப்பிப் பாருங்க. 'டிக்'னு ஒரு சின்ன சத்தம் வந்தா துரு உடைஞ்சிருச்சுன்னு அர்த்தம், இப்ப கழட்டலாம். வரலைன்னா சால்டரிங் அயன் முனைய ஸ்க்ரூ தலையில ஒரு நிமிஷம் வைங்க, சூட்டுல இரும்பு விரிஞ்சு, ஆறும்போது சுருங்கி, மரத்துல இருந்து பிடி விடும். பெயின்ட் பக்கத்துல இருந்தா சுத்தி மாஸ்கிங் டேப் ரெண்டு சுத்து, அயன் தவறி பெயின்ட்ல பட்டா அந்த தழும்பு காலத்துக்கும் போகாது.

காந்தம் வச்சு பிரிக்கிறது

எல்லாத்தையும் கழட்டி ஒரு துணி மேல பரப்பிட்டு காந்தத்த ஒவ்வொண்ணா காட்டுங்க. நல்லா 'டக்'னு ஒட்டுனா இரும்பு. ஸ்க்ரூ, ஸ்பிரிங், ஸ்பிரிங் மாட்டுற கிளா, வளைச்சு செஞ்ச பழைய மாடல் சேடில், பிரிட்ஜ் பிளேட் இதெல்லாம் பெரும்பாலும் இரும்புதான். ஒட்டலைன்னா நாகக் கலவையா இருக்கலாம், பித்தளையா இருக்கலாம், அலுமினியமாவும் இருக்கலாம். வெல குறைஞ்ச கிட்டார்ல டிரெமலோ பிரிட்ஜுக்கு அடியில இருக்குற பிளாக்கும், தடிச்ச கட்டையான சேடிலும், ட்யூனர் மூடியும் நாகக் கலவைதான் ஜாஸ்தி. நிக்கல் பூச்சு தடிப்பா இருந்தா காந்தம் லேசா இழுக்குற மாதிரி தோணும், அதுல ஏமாறாதீங்க, இரும்புன்னா கையில இருந்து பிடுங்கிக்கிட்டு போயி ஒட்டும். சந்தேகமா இருந்தா அடிப்பக்கம் பூச்சு தேஞ்ச இடத்த பாருங்க, மஞ்சளா இருந்தா பித்தளை, மங்கல் சாம்பல்னா நாகம், சிவப்பு துருன்னா இரும்பு. நாகத்துல சிவப்பு துரு வரவே வராது, வெள்ளையா மாவு மாதிரி பூக்கும்.

இப்ப மூணு குவியல் கிடைக்கும். பூச்சில்லாத இரும்பு, பூச்சு பூசின இரும்பு, இரும்பு இல்லாதது.

பூச்சில்லாத இரும்புக்குத்தான் வினாகிரி. கண்ணாடிப் போத்தல்ல போட்டு மூழ்குற அளவுக்கு ஊத்தி ஆறேழு மணித்தியாலம், அவ்வளவுதான். ரெண்டு நாள் விட்டா துருவோட சேத்து மரையவும் தின்னும். எடுத்ததும் பல்லு பிரஷ்ல தேய்ச்சு, ஒரு கப் தண்ணியில ஒரு கரண்டி அப்பச்சோடா கலந்து அதுல முக்கி புளிப்ப முறிங்க, நல்ல தண்ணியில அலசி, உடனே காய வைங்க. உடனேன்னா உடனே. நம்ம ஊரு ஈரத்துல கழுவுன இரும்பு பத்து நிமிஷத்துல மஞ்சள் பூசிக்கிட்டு நிக்கும். நான் அடுப்புல தோசைக்கல்ல மெதுவா சூடாக்கி அதுல பரப்பி வைப்பேன், வீட்டுல கேட்டா வேற ஏதாவது சொல்லிக்கலாம்.

இதுக்கப்புறம் ஒரு வேலை இருக்கு, அது நம்ம ஊருக்குன்னே செஞ்ச மாதிரி. துரு போன ஸ்க்ரூவ அப்படியே பூட்டுனா பல்லு மாதிரி வெளிறி இருக்கும், கறுப்பு பிக்கார்ட்ல அசிங்கமா தெரியும். தேத்தூள் இருக்குல்ல, டஸ்ட், அத ஒரு கப் தண்ணிக்கு நாலு கரண்டி போட்டு மை மாதிரி கொதிக்க வச்சு, வடிச்சு, ஆறுனதும் ஸ்க்ரூவ அதுல போடுங்க. எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இருக்கக் கூடாது, கையால கூட தொடாதீங்க. ரெண்டு மூணு மணித்தியாலத்துல சாம்பல் நிறமாகும், ராத்திரி முழுக்க விட்டா நல்ல கறுப்பு. தேயிலையில இருக்குற துவர்ப்பு இரும்போட சேர்ந்தா கறுப்பாகும், வாழைப்பூ வெட்டுன கத்தி கறுத்துப் போறதும் இதே கதைதான். துருவ கறுப்பாக்குற மருந்துன்னு கடையில விக்கிறதுலயும் அநேகமா இதே துவர்ப்புச் சத்துதான், கொழுந்து மலையில இருந்துக்கிட்டு அதுக்கு எதுக்கு காசு குடுக்கணும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க, இந்த கறுப்பு நிறத்துக்குத்தான், துருவ தானா தடுக்காது. காஞ்சதும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி துணியில துடைச்சாத்தான் நிக்கும். முதல் தடவை நான் எண்ணெய் தடவ சோம்பல் பட்டேன், ஜூன் மாசமே திரும்ப செவந்துருச்சு.

பூச்சு பூசின இரும்பு, அதாவது குரோம் பிளேட்டு, ஜாக் பிளேட்டு மாதிரி சாமான வினாகிரியில முக்காதீங்க, பூச்சுக்கு அடியில புகுந்து கெளப்பிவிட்டுரும். அதுக்கு அலுமினியம் ஃபாயில ஒரு நெல்லிக்காய் அளவுக்கு கசக்கி, தண்ணியில நனைச்சு, துரு புள்ளி மேல வட்டமா லேசா தேயுங்க. அலுமினியம் குரோம விட மிருதுவானது, அதனால கீறல் விழாது, ஆனா துருவ வழிச்சு எடுத்துரும், கறுப்பா ஒரு சேறு வரும், அத துடைச்சிட்டு பிராஸ்ஸோ மாதிரி மெட்டல் பாலிஷ் கொஞ்சம். அப்படி துடைச்சதுக்கப்புறம் ஊசி குத்துன மாதிரி குழி தெரிஞ்சா அது போகாது. அந்த எடத்துல குரோமே இல்ல, இல்லாதத எப்படி பளபளக்க வைக்கிறது. மெழுகு தடவி விட்டுருங்க. திரும்ப பிளேட்டிங் பண்ணலாமேன்னு சிலர் கேப்பாங்க, என் கணக்குல அது வீண் செலவு, பூச்சு ஏறுனா ஓட்டையும் மரையும் இறுகும், பழைய ஸ்க்ரூ போகாது, அந்த காசுக்கு புது பிரிட்ஜே வாங்கிரலாம்.

தங்க நிறச் சாமான்ல மட்டும் பாலிஷ் வேணவே வேணாம். தங்கப்பூச்சு அவ்வளவு மெலிசு, ரெண்டு தடவை தேய்ச்சா அடியில நிக்கல் எட்டிப் பார்க்கும். சவர்க்காரத் தண்ணி, மெதுவான துணி, அதோட கையெடுங்க. நாகக் கலவைக்கும் இதே சவர்க்காரத் தண்ணிதான், தேசிக்காயும் புளியும் கிட்டயே வரக்கூடாது. பூச்சில்லாத பித்தளையா இருந்தா மட்டும் தேசிக்காய் தேய்க்கலாம், கோயில் குத்துவிளக்கு விளக்குற மாதிரி மின்னும்.

அசையாத சேடில் ஸ்க்ரூ

இந்த வேலையிலேயே உயிர வாங்குற இடம் இதுதான். சேடில் உயரத்துக்கு ரெண்டு ரெண்டு ஸ்க்ரூ, ஆறு சேடிலுக்கு பன்னெண்டு, எல்லாமே தலையில்லாத குட்டி ஸ்க்ரூ, வலது கை வேர்வை நேரா சொட்டுறதே அதுங்க மேலதான். வேர்வை உப்பும் பனியும் சேர்ந்தா என்ன ஆகும்னு சொல்லணுமா.

சேடில கழட்ட முடிஞ்சா கழட்டி தலைகீழா வைங்க, ஸ்க்ரூ கால் வெளிய வர்ற ஓட்டை மேல பார்க்கணும். ஊசி முனையால தையல் மெஷின் எண்ணெயும் மண்ணெண்ணெயும் பாதி பாதி கலந்தது ஒரு சொட்டு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, மூணு நாள். டபிள்யூ.டி. 40 இருந்தா அதையும் அடிக்கலாம், ஆனா கிட்டார்ல பூட்டியிருக்கும்போது அடிச்சீங்கன்னா மரத்துக்குள்ள ஓடும், கழட்டி வச்சு அடிங்க. தேங்கா எண்ணெய் வேணாம், நுவரெலியா குளிருல கட்டியாகும், நாள்பட்டா பிசினாகி இன்னும் பூட்டிக்கும்.

மூணாம் நாள் ஆலன் கீயோட நீள முனைய சால்டரிங் அயன்ல சூடாக்கி, துணியால பிடிச்சு, ஓட்டைக்குள்ள வச்சு பத்து எண்ணுங்க, அப்புறம் முன்னுக்கும் பின்னுக்கும் மெதுவா ஆட்டுங்க. அரைத் திருப்பு போனா கால் திருப்பு பின்னுக்கு, திரும்ப எண்ணெய். என் கிட்டார்ல பதினொண்ணு வந்துச்சு, ஒண்ணு உள்ள மூலை உருண்டு போச்சு. அதுக்கு ஒரு வழி, பழைய ஆலன் கீ முனைய அரத்துல சுத்தமா வெட்டி புது மூலை வர வச்சு, சின்ன சுத்தியலால தட்டி இறுக்கமா இறக்கி திருப்புறது. எனக்கு வேலை செஞ்சுது. சேடில இரும்புக்கட்டை மேல வச்சு தட்டுங்க, கிட்டார் மேல வச்சு தட்டி என்னை திட்டாதீங்க.

கழட்டி சுத்தம் பண்ணுனதும் சேடில்ல கம்பி உக்கார்ற பள்ளத்த நகத்தால தடவிப் பாருங்க. நகம் மாட்டுதுன்னா அங்க கூர் இருக்கு, கம்பி அடிக்கடி அதே இடத்துல அறுந்ததுக்கு காரணமும் அதுதான். பழைய தடிச்ச கம்பி ஒரு துண்டு எடுத்து, பள்ளத்துல வச்சு, ஊசி மருந்துக் குப்பியோட கழுத்து அறுக்குற மாதிரி முன்னும் பின்னும் இருவது முப்பது தடவை இழுங்க, அப்புறம் ஆயிரம் நம்பர் உப்புத்தாள மடிச்சு லேசா. கூர் போனா போதும், பள்ளத்த ஆழமாக்க வேணாம்.

ட்யூனர்

மூடின மாடல் ட்யூனர்னா உள்ள கிரீஸ் கம்பெனியிலேயே அடைச்சது, அத திறக்க முடியாது, திறக்க தேவையும் இல்ல. வெளிய துடைச்சு, குமிழ் முனையில இருக்குற சின்ன ஸ்க்ரூவ கொஞ்சம் இறுக்கி, முன்னாடி நட்ட 10 மி.மீ. ஸ்பேனரால கையிறுக்கமா இறுக்கிப் பாருங்க. ட்யூனிங் நிக்கலைன்னு சொல்லி புது ட்யூனர் வாங்குனவங்க பாதிப்பேருக்கு உண்மையில லூசா இருந்தது அந்த நட்டுதான். திறந்த மாடல்னா பல்லு சக்கரத்துல பழைய அழுக்கு கிரீஸ பிரஷ்ல லைட்டர் பெட்ரோல் தொட்டு கழுவிட்டு, புது கிரீஸ் ஒரு கடுகளவு. அப்புறமும் குமிழ சுத்தும்போது கொஞ்ச தூரம் வெறுமனே சுத்திட்டு அப்புறம்தான் கம்பி இழுக்குதுன்னா பல்லு தேஞ்சிருச்சு, அதுக்கு மருந்தில்ல.

ஓட்டை பெருத்துப்போன ஸ்க்ரூ

ஸ்ட்ராப் மாட்டுற பட்டன் எல்லா பழைய கிட்டார்லயும் ஆடும். பெரிய ஸ்க்ரூவ முறுக்கி ஏத்தாதீங்க, மரம் பிளந்துரும். சாமி படத்துக்கு கொளுத்துன ஊதுவத்தியோட அடிக்குச்சி இருக்கு பாருங்க, அது மூங்கில், அளவும் சரியா இருக்கும். மரம் ஒட்டுற வெள்ளை பசைய தொட்டு ஓட்டைக்குள்ள நாலஞ்சு குச்சி இறுக்கமா சொருகி, ஒரு நாள் முழுக்க காய விட்டு, மேல நீட்டிக்கிட்டு இருக்குறத பிளேடால வெட்டி விடுங்க. மழைக்காலம்னா ரெண்டு நாள். நடுவுல சின்ன ஓட்டை போட்டு, ஸ்க்ரூ மரையில மெழுகுவத்தி தேய்ச்சு இறக்குனா வெண்ணெய் மாதிரி போயி பிடிக்கும்.

ஓட்டை நல்லா இருக்குற இடத்துல திரும்பப் பூட்டும்போது ஒரு சின்ன வித்தை, ஸ்க்ரூவ வச்சதும் முதல்ல கழட்டுற பக்கம் மெதுவா சுத்துங்க, ஒரு இடத்துல 'டப்'னு கீழ விழும், அதுதான் பழைய மரையோட வாய், அங்க இருந்து இறுக்குங்க. இல்லைன்னா ஒவ்வொரு தடவையும் மரத்துல புது மரை வெட்டி வெட்டி கடைசியில ஊதுவத்திதான்.

ஜாக், நொப், சுவிட்ச்

ஜாக் ஆடுதுன்னா வெளிய இருந்து நட்ட மட்டும் இறுக்காதீங்க, உள்ள ஜாக்கும் சேர்ந்து சுத்தி வயர முறுக்கி அறுத்துரும். பிளேட்ட கழட்டி, உள்ள கையால பிடிச்சுக்கிட்டு இறுக்குங்க. வயர் நுனிய பிடிக்கிற வளைஞ்ச தகடு தளர்ந்திருந்தா விரலால கொஞ்சம் உள்பக்கம் வளைச்சு விட்டு, தொடுற இடத்த உப்புத்தாளால ஒரு தடவு. பத்துல எட்டு கிட்டாருக்கு இதோட சத்தம் சரியாகும்.

நொப் கரகரப்புக்கு கான்டக்ட் கிளீனர். நுவரெலியாவோ பண்டாரவளையோ, டவுன்ல ரேடியோ திருத்துற கடையில கேட்டா இருக்கும், இல்லைன்னா அந்த அண்ணன்கிட்டயே ரெண்டு அடி அடிச்சு தரச் சொல்லுங்க. நொப்புக்கு அடியில சத்தத்த கூட்டிக் குறைக்கிற பாகத்துக்கு பேரு பொட்டு, அதோட கால் மேல இருக்குற சின்ன இடைவெளியில அடிச்சு, நொப்ப முழுசா முப்பது தடவை அங்கயும் இங்கயும் சுத்தணும். சுவிட்சுக்கும் அதே. இதுல எண்ணெய் அடிக்காதீங்க, இன்னைக்கு சத்தம் போகும், நாளைக்கு தூசு எல்லாம் ஒட்டி இன்னும் மோசமாகும். பொட்டு மாத்தியே ஆகணும்னா ஒத்தைக் காயில் பிக்கப்புக்கு 250 கே (கிலோ ஓம்), ஹம்பக்கர்ங்கிற ரெட்டைக் காயில் பிக்கப்புக்கு 500 கே. ஈயம் வைக்கிறதுக்கு 40 வாட் அயன் வேணும், பொட்டு முதுகு சூட்ட குடிச்சிரும். பைப் ஒட்டுற பேஸ்ட்ட தொடாதீங்க, அது ஆசிட், ஆறு மாசத்துல பச்சை பூத்து வயர தின்னுரும்.

டிரெமலோ கிளாவுல ஈயம் வச்ச ஒரு வயர் இருக்கும், அதுதான் கம்பிக்கு எர்த். கிளாவ துரு தேய்க்கும்போது அது விட்டுப்போச்சுன்னா பூட்டி முடிச்சதும் தேனீக்கூட்டம் மாதிரி இரைச்சல் வரும், அப்ப என்னைய நினைச்சுக்கோங்க.

மாத்தித்தான் ஆகணும்னா

அளக்காம ஆர்டர் போடாதீங்க, கொழும்புல இருந்து வந்து சேர்ற நாளும் தபால் காசும் வீண். ஆறு ஸ்க்ரூ பிரிட்ஜ்ல ரெண்டு கடைசி ஸ்க்ரூவோட நடுவுல இருந்து நடுவுக்கு அளங்க, அமெரிக்க பழைய அளவு 56 மி.மீ. சுத்தி வரும், ஆசிய கிட்டார்ல 52.5 மி.மீ. நிறைய. பிளாக் ஆழம் எவ்வளவுன்னும் பாருங்க, மெலிசான பாடியில நீள பிளாக் பின்னாடி மூடிய தள்ளும். ட்யூனர் ஓட்டை இப்பத்த மாடல்ல 10 மி.மீ., பழைய மாடல்ல 8.8 கிட்ட. நொப்புக்கு உள்ள பல்லு எண்ணுங்க, அமெரிக்க அளவுல 24, மெட்ரிக்ல 18, மாத்திப் போட்டா ஒண்ணு ஆடும், இல்ல பிளந்துரும்.

திரும்பப் பூட்டுறது

ஃபிரெட்டும் துருப்பிடிச்சு இருந்தா கம்பி போடுறதுக்கு முன்னாடி இப்பவே தேய்ச்சிருங்க, நாலு சைபர் (0000) ஸ்டீல் வுல்ல. ஆனா பிக்கப்ப மாஸ்கிங் டேப்பால முழுசா மூடிட்டு. அந்த இரும்புத் தூசு காந்தத்துல ஒட்டுனா முள்ளம்பன்றி மாதிரி நிக்கும், எடுக்கவே முடியாது. நெக்கு நுனியில கம்பி உக்கார்ற நட்டுன்னு ஒரு கட்டை இருக்கு, அதோட பள்ளத்துல பென்சில் கரிய தேய்ச்சு விடுங்க, கம்பி வழுக்கிக்கிட்டு போகும்.

ஆறு ஸ்க்ரூ டிரெமலோவுல ஸ்க்ரூவ எல்லாம் அடியில போயி இடிக்கிற அளவுக்கு இறுக்கக் கூடாது, பிளேட் ஆடுறதுக்கு இடம் வேணும். ஸ்பிரிங் மூணு போதும். கம்பி போட்டு ட்யூன் பண்ணுங்க, பிரிட்ஜ் முன்னாடி சாய்ஞ்சா கிளா ஸ்க்ரூ ரெண்டையும் அரை அரைத் திருப்பா இறுக்குங்க, திரும்ப ட்யூன், திரும்ப பாருங்க. நாலஞ்சு தடவை இழுபடும், கோவப்படாதீங்க. அதுக்கப்புறம்தான் சேடில் உயரம், 12வது ஃபிரெட்டுல தடிச்ச கம்பிக்கு 2 மி.மீ., மெல்லிசுக்கு 1.6 மி.மீ. கிட்ட வச்சுட்டு உங்க கைக்கு தகுந்த மாதிரி மாத்திக்குங்க. கடைசியா இன்டொனேஷன், அதாவது நெக்குல எங்க அமுக்குனாலும் சுதி சரியா நிக்கிறது: 12வது ஃபிரெட்ட அமுக்கி அடிக்கிற சத்தம் அதே இடத்துல அமுக்காம லேசா தொட்டு அடிக்கிற ஹார்மோனிக் சத்தத்த விட சுதி கூடுதலா காட்டுனா சேடில பின்னுக்கு இழுங்க, குறைவா காட்டுனா முன்னுக்கு தள்ளுங்க. சேடில் ஸ்க்ரூவெல்லாம் லேசா சுத்துற அந்த நிமிஷம் இருக்கே, மூணு நாள் எண்ணெய் விட்டதுக்கு அதுதான் கூலி.

திரும்ப துருப்பிடிக்காம

நாள் பார்த்து வேலை செய்ங்க. ஹட்டன், நுவரெலியா பக்கம்னா ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் மழை குறைஞ்சு காயிற காலம், நல்ல கொழுந்து வர்ற அதே சீசன்தான், அப்ப பசையும் காயும், இரும்பும் காயும். பதுளை, பண்டாரவளைக்காரங்களுக்கு ஜூலை, ஆகஸ்ட்.

கிட்டார வெளிச் சுவத்துல மாட்டாதீங்க, அந்த சுவரு ராத்திரியில வேர்க்கும். அடுப்பு இருக்குற காம்பராவும் வேணாம், புகையும் ஆவியும் சேர்ந்து எண்ணெய்ப் பிசுக்கா படியும். ஞாயித்துக்கெழமை சர்ச்சுல வாசிச்சுட்டு மழையில த்ரீவீல்ல வந்தா, வீட்டுக்கு வந்ததும் பேக்குக்குள்ளயே விட்டுட்டு சோறு சாப்பிட போயிராதீங்க, குளிருல கிடந்த இரும்பு சூடான காம்பராவுக்குள்ள வந்ததும் முத்து முத்தா வேர்க்கும். வெளிய எடுத்து, பழைய பருத்திச் சாரத் துணியால கம்பிக்கு அடியிலயும் சேடில் மேலயும் துடைச்சு, அரை மணித்தியாலம் காய விட்டு அப்புறம் உள்ள வைங்க. சப்பாத்து பெட்டியில வர்ற சிலிக்கா பொட்டலத்த குப்பையில போடாம நாலஞ்சு சேத்து பேக்குல போடுங்க, மாசத்துக்கு ஒருக்கா அடுப்புக்கு மேல சுட வச்சா திரும்ப வேலை செய்யும். மே மாசம் மழை தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை, செப்டம்பர் முடிஞ்சு ஒரு தடவை, சேடில் ஸ்க்ரூ பன்னெண்டுக்கும் ஊசி முனையில ஒரு சொட்டு எண்ணெய்.

போன மாசம் அந்த பேண்ட் அண்ணன் வீட்டுப் பக்கம் வந்தாரு. கிட்டார வாங்கி மடியில வச்சு, வாசிக்கல, ஆலன் கீய எடுத்து சேடில் ஸ்க்ரூ ஒண்ண திருப்பிப் பார்த்தாரு. சுத்துச்சு. "தம்பி, எவ்வளவுக்கு திருப்பித் தர்ற?"ன்னு கேட்டாரு. பிளேன்டி ஊத்திக் குடுத்து அனுப்பிட்டேன்.